நாற்பத்தைந்து டிகிரியும் ஓர் இடது கையும்

இந்த வருடம் புதிதாக வேலையில் சேர்ந்திருக்கும் அறிவியல் ஆசிரியர்களுக்கு,

உங்களில் ஒருவர் போன வாரம் என் வீடு தேடி வந்தார். "வகுப்பில் பையன் கேட்கிற கேள்விக்குப் பதில் தெரியவில்லை என்றால் என்ன சார் செய்வது?" என்று கேட்டார். நான் பேச்சை மாற்றி, டீ கொடுத்து, வாசல்வரை வந்து வழியனுப்பிவிட்டேன். தெரியாத இடத்தில் தெரிந்த மாதிரியே நகர்ந்துவிடுவது பழைய வாத்தியார் புத்தி. ஓய்வு பெற்றாலும் அது போகாது போலிருக்கிறது. அவர் பஸ் ஏறிய பிறகுதான் வெட்கமாக இருந்தது. அதனால் இங்கே எழுதுகிறேன். பாடக்குறிப்பு எழுதுவது எப்படி, ரிஜிஸ்டர் பராமரிப்பது எப்படி என்றெல்லாம் சொல்லப் போவதில்லை. அதற்குப் பயிற்சிக் கல்லூரி இருக்கிறது. நான் செய்த ஒரு தப்பைச் சொல்கிறேன்.

நான் முதலில் சேர்ந்த பள்ளி, மாரண்டஹள்ளியில் பஸ்ஸை விட்டு இறங்கி இரண்டு மைல் நடந்தால் வரும். பெயர் வேண்டாம். அங்கே படித்தவர்களுக்குத் தெரிந்துவிடும். தெரிந்தும் பேசாமல் இருப்பார்கள் என்று நம்புகிறேன். அறுபதுகளின் கடைசி அது. எனக்கு இருபத்து நான்கு வயது. அப்பாவை எங்கள் வீட்டில் அத்தா என்போம். அவருக்குத் தருமபுரி கடைவீதியில் தையல்கடை. கத்திரிக்கோல் சத்தத்திலேயே படித்து வளர்ந்தவன் நான். காடு, கழனி என்பதெல்லாம் பஸ் ஜன்னலில் பார்த்ததுதான். உடம்பில் பலம் கிடையாது, விளையாட்டு கிடையாது. ஆனால் சூத்திரம் ஒன்று கையில் கிடைத்துவிட்டால் உலகத்தையே அளந்துவிடலாம் என்கிற மிதப்பு மட்டும் நிறைய இருந்தது.

அந்த வருடம்தான் பள்ளியில் பௌதிகத்தைச் சிறப்புப் பாடமாக நடத்த அனுமதி கிடைத்திருந்தது. அதுவும் தற்காலிக அனுமதி. பத்தாம் வகுப்பில் இருபத்து மூன்று பேர் அதை எடுத்திருந்தார்கள். வருட ஆய்வுக்கு ஜில்லா கல்வி அதிகாரி வந்து பார்த்து, திருப்தி என்று எழுதினால் அனுமதி நிரந்தரமாகும். இல்லையென்றால் வகுப்பையே மூடிவிடுவார்கள். இந்த இருபத்து மூன்று பேரும் பதினோராம் வகுப்புக்குத் தருமபுரிக்கோ ஓசூருக்கோ போய்ச் சேர வேண்டியிருக்கும். அவ்வளவு தூரம் எத்தனை வீட்டில் அனுப்புவார்கள்? பாதிப் பேர் ஏர் பிடிக்கப் போய்விடுவார்கள் என்று தலைமை ஆசிரியர் சொன்னார். இந்த அனுமதிக்காக இரண்டு வருடம் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கியவர் அவர். நான் வேலையில் சேர்ந்த அன்றே என்னைத் தனியாக அழைத்து, "இவுங்க எல்லாரும் உங்க கையிலதான் இருக்காங்க தம்பி, பாத்துக்குங்க" என்றார். எனக்கு அது பெருமையாகத்தான் இருந்தது. பயமாக இருந்திருக்க வேண்டும்.

ஆய்வுக்கூடம் என்று தனியாக ஒன்றும் இல்லை. ஓர் அறையில் பாதி எனக்கு, பாதி டிரில் மாஸ்டருக்கு. என் தராசும் லென்சும் இருந்த அதே அலமாரியில்தான் அவருடைய விசில், கயிறு, கிழிந்த வாலிபால் வலை, எறியும் இரும்புக் குண்டு எல்லாம் இருந்தன. எனக்கும் அந்தக் குண்டுக்கும் பழக்கம் ஏற்பட்டது அப்படித்தான்.

எறிபொருள் பாடத்தை நான் பிரமாதமாக ஆரம்பித்தேன். பள்ளிக்குப் பக்கத்துத் தோட்டத்தில் பம்புசெட் ஓடிக்கொண்டிருந்தது. குழாயிலிருந்து தண்ணீர் வளைந்து விழுவதைக் கண்டதும் எனக்குப் புல்லரித்துவிட்டது. மொத்த வகுப்பையும் அங்கே கூட்டிப் போய், "பாருங்கள், இதுதான் பரவளையம்" என்றேன். பையன்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். தினமும் அதில் குளித்து வளர்ந்தவர்களுக்கு அதைக் காட்டுவதற்கு ஒரு வாத்தியார் வந்திருக்கிறார் என்றால் பாவம், அவர்கள் என்ன செய்வார்கள்? ஐந்து நிமிடத்தில் நாலு பேர் சட்டையோடு தொட்டிக்குள் இறங்கிவிட்டார்கள். தோட்டக்காரர் வந்து, "பாடமுங்களா, குளியலுங்களா?" என்று மரியாதையாகத்தான் கேட்டார். நானும் தொப்பலாக நனைந்து நின்றிருந்தேன்.

அதன் பிறகு வகுப்புக்குள்ளேயே பாடம் நடத்தினேன். ஒரு பொருளை ஒரே வேகத்தில் வேறு வேறு கோணங்களில் எறிந்தால், எந்தக் கோணத்தில் அதிக தூரம் போகும்? செங்குத்தாக எறிந்தால் தலையிலேயே விழும். தரையோடு தரையாக எறிந்தால் உடனே விழுந்துவிடும். நடுவில் நாற்பத்தைந்து டிகிரியில் எறிந்தால்தான் வீச்சு அதிகம். புத்தகத்தில் ஒரு படம் இருந்தது. தரையில் ஒரு புள்ளியில் கிளம்பி, மேலே எழும்பி, தரையில் இன்னொரு புள்ளியில் வந்து இறங்கும் கோடு. அந்தப் படத்தை அந்த வருடம் மட்டும் எத்தனை முறை கரும்பலகையில் வரைந்திருப்பேனோ, கணக்கே இல்லை.

வகுப்பில் மாதையன் என்று ஒரு மாணவன். கடைசி பெஞ்சு. தோள் இரண்டும் வண்டிக்காளை மாதிரி இருக்கும். பேச்சு குறைவு. பள்ளியில் குண்டு எறிவதில் அவனை மிஞ்ச ஆள் இல்லை. வட்டாரப் போட்டி வரப்போகிறது, இந்த முறை முதல் பரிசு நமக்குத்தான் என்று டிரில் மாஸ்டர் அவனை நம்பி ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். ஒரு நாள் மாலை மைதானத்தில் அவன் எறிவதைப் பார்த்தேன். குண்டு உயரமாகவே போகவில்லை. தாழ்வாகச் சாய்ந்து போய் விழுந்தது. அடடா, இவ்வளவு பலத்தை வைத்துக்கொண்டு கோணம் தெரியாமல் வீணடிக்கிறானே என்று எனக்குத் தாங்கவில்லை.

மறுநாளே மாரண்டஹள்ளி ஆசாரியிடம் சொல்லி, பலகையில் ஆள் உயரத்துக்கு ஒரு முக்கோணம் செய்து வாங்கினேன். சரியாக நாற்பத்தைந்து டிகிரி. அதை எறியும் வட்டத்துக்குப் பக்கத்தில் நட்டு வைத்து, "மாதையா, இந்தப் பலகையின் சாய்வைப் பார். குண்டு இதே சாய்வில் உன் கையை விட்டுப் போக வேண்டும்" என்றேன். அவன் தலையாட்டினான். நான் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, இன்னும் மேலே, இன்னும் மேலே என்று சொல்லிக்கொண்டிருந்தேன். வாழ்க்கையில் ஒரு குண்டைக்கூட எறிந்தறியாத ஆள் நான் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இதைப் படியுங்கள்.

பத்து நாள் கழித்து டிரில் மாஸ்டர் என்னிடம் வந்தார். நல்ல மனிதர். கோபத்தையும் வணக்கம் சொல்லிவிட்டுத்தான் ஆரம்பிப்பார். "சார், பையன் முன்னெல்லாம் அந்த வேம்பு நெழலு வரைக்கும் போடுவானுங்க. உங்க பலகை வந்ததுல இருந்து ரெண்டு அடி முன்னாலயே வுழுந்துடுது" என்றார். பழகப் பழகச் சரியாகிவிடும் என்று நான் சொன்னேன். அன்று மாலை மாதையனும் அதையே தயங்கித் தயங்கிச் சொன்னான். "புத்தகம் பொய் சொல்லுமாடா?" என்று கேட்டேன். அவன் குண்டை எடுத்துக்கொண்டு மறுபடியும் வட்டத்துக்குள் போனான். அந்தக் கேள்வியைப் போல ஒரு சோம்பேறிக் கேள்வி உலகத்தில் கிடையாது. அதைக் கேட்டுவிட்டால் வாத்தியார் யோசிக்க வேண்டியதில்லை, பையனும் பேச முடியாது.

இதற்குள் ஆய்வு நாள் நெருங்கிவிட்டது. சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். நோட்டுகளுக்கு அட்டை போட்டார்கள். தலைமை ஆசிரியருக்குத் தூக்கம் போய்விட்டது. ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, இந்தத் தொழிலில் பரம்பரையாக வருகிற ஓர் ஏற்பாட்டைச் சொல்லிக்கொடுத்தார். அதிகாரி உட்கார்ந்திருக்கும்போது நடத்தி முடித்த பாடத்தையே மறுபடியும் நடத்த வேண்டும். கேள்வி கேட்டால் எல்லாப் பிள்ளைகளும் கை தூக்க வேண்டும். பதில் தெரிந்தவன் வலது கை, தெரியாதவன் இடது கை. வாத்தியார் வலது கைகளை மட்டும் பார்த்து எழுப்ப வேண்டும். வகுப்பு முழுக்கக் கை உயர்ந்திருந்தால் அதிகாரிக்குப் பரம திருப்தி. கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் மறுப்பதற்குத் தைரியம் வரவில்லை. மூன்று நாள் வகுப்பில் இதை ஒத்திகை பார்த்தோம். பௌதிகத்தைவிட வேகமாகப் பிள்ளைகள் இதைக் கற்றுக்கொண்டார்கள்.

அதிகாரி வந்தார். ஐம்பதைத் தாண்டியவர், குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்திருந்தார். சரித்திரம் படித்தவர் என்று சொன்னார்கள். கடைசி பெஞ்சில், மாதையனுக்கு இரண்டு ஆள் தள்ளி உட்கார்ந்துகொண்டார். நான் எறிபொருள் பாடத்தை எடுத்தேன். கோடு வரைந்தேன், கேள்வி கேட்டேன். இருபத்து மூன்று கைகளும் உயர்ந்தன. வலது கைகளாகப் பார்த்து எழுப்பினேன். டக் டக்கென்று பதில் வந்தது. ஜன்னலுக்கு வெளியே நின்றிருந்த தலைமை ஆசிரியரின் முகத்தில் மெல்ல ரத்தம் ஊறுவதை நானே பார்த்தேன். வகுப்பு பிழைத்தது என்று நினைத்தேன்.

மணி அடிக்க ஐந்து நிமிடம் இருந்தது. அதிகாரி எழுந்தார். தானும் ஒரு கேள்வி கேட்கலாமா என்று என்னிடம் அனுமதி கேட்டுவிட்டு, "ஒரு பொருளை எறிஞ்சா எந்தக் கோணத்துல அதிக தூரம் போகும்?" என்றார். எனக்கு உள்ளுக்குள் கொண்டாட்டம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அந்த வகுப்பில் யாரும் தப்பாகச் சொல்ல மாட்டார்கள். சரசரவென்று கைகள் உயர்ந்தன. இருபத்திரண்டு வலது கைகள். ஓர் இடது கை.

மாதையன்.

அதிகாரி மற்ற யாரையும் பார்க்கவில்லை. நேராக அந்த இடது கையிடம் போனார். அவரும் எங்கோ இருபது வருடம் சாக்பீஸ் பிடித்தவர் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"உனக்கு விடை தெரியாதா?" என்று கேட்டார்.

மாதையன் எழுந்து நின்றான். "பரிச்சையில கேட்டா தெரியுமுங்க. நாப்பத்தஞ்சு."

"அப்புறம் ஏன் இந்தக் கையைத் தூக்கின?"

"குண்டு போட்டா அப்பிடி வர மாட்டேங்குதுங்க. தாழச் சாஞ்சாப்பல போட்டாத்தான் தூரமா போவுது. எது நெசம்னு எனக்குத் தெரியலீங்க. தெரியலீன்னா இந்தக் கையத் தூக்கோணும்னு சார் சொல்லியிருக்காங்க."

அவ்வளவுதான். பரம்பரை ரகசியம் பட்டப்பகலில் உடைந்துவிட்டது. ஜன்னலுக்கு வெளியே தலைமை ஆசிரியர் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.  அதிகாரி மெல்லத் திரும்பி என்னைப் பார்த்து, "என்ன மாஸ்டர், பையன் சொல்றது சரியா?" என்றார்.

இளம் நண்பர்களே, இதுபோன்ற ஒரு நிமிடம் உங்களுக்கும் வரும். அப்போது என் தலையில் ஓடியதை ஒளிக்காமல் சொல்கிறேன். அவனை முறைத்து உட்கார வைக்கலாம். பையன் கொஞ்சம் மந்தம் சார் என்று சிரித்து மழுப்பலாம். எறிகிற முறை சரியில்லை, சூத்திரம் சரிதான் என்று அடித்துச் சொல்லலாம். அதிகாரி சரித்திரக்காரர், நம்பியிருப்பார். வகுப்பும் பிழைத்திருக்கும். தெரியாது என்று வாத்தியாரே சொன்னால் இந்த வகுப்புக்கு எதற்கு அனுமதி என்று அவர் எழுதிவிட்டுப் போகலாம். இருபத்து மூன்று பேர் உங்கள் கையில் என்று தலைமை ஆசிரியர் சொன்னது காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. வாய்வரை பொய் வந்துவிட்டது என்பதுதான் உண்மை.

ஆனால் மாதையனின் முகத்தைப் பார்த்தேன். அதில் எதிர்ப்பு இல்லை, குறும்பும் இல்லை. பத்து நாளாக நான் சொன்னபடி எறிந்து பார்த்தவன். நான் சொன்னபடியே இடது கையைத் தூக்கினவன். அந்த வகுப்பில் என் பேச்சை முழுசாகக் கேட்டவன் அவன் ஒருவன்தான். அவனை எப்படி மந்தம் என்பது?

நான் என் இடது கையைத் தூக்கினேன்.

"எனக்கும் தெரியாதுங்க சார்" என்றேன்.

யாரோ ஒருவன் களுக்கென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டான். அதிகாரி சிரிக்கவில்லை. தூக்கிய என் கையையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, அளக்க டேப் இருக்கிறதா என்று கேட்டார்.

மொத்த வகுப்பும் மைதானத்துக்குப் போனது. குண்டை எடுத்து வரச் சொன்னதும் டிரில் மாஸ்டர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். மாதையன் பலகையின் சாய்வைப் பார்த்து மூன்று முறை எறிந்தான். பிறகு பலகையைப் பிடுங்கிவிட்டு, தன் பழக்கப்படி மூன்று முறை எறிந்தான். அதிகாரியே குனிந்து டேப்பைப் பிடித்தார். சந்தேகத்துக்கு இடமே இல்லை. பலகைக் குண்டுகள் மூன்றும் கிட்டே, மாதையன் குண்டுகள் மூன்றும் அதற்கு அப்பால். ஒன்றுகூடத் தடம் மாறவில்லை. அதிகாரிக்கு உற்சாகம் பிறந்து, குடையை என்னிடம் கொடுத்துவிட்டுத் தானும் ஒரு முறை எறிந்து பார்த்தார். குண்டு அவர் செருப்புக்குக் கொஞ்சம் தள்ளி விழுந்தது. அதை யாரும் அளக்கவில்லை.

ஏன் இப்படி என்று அவர் கேட்டார். தெரியாது, கண்டுபிடிக்க வேண்டும் என்றேன். ஒரு தடவை சொன்ன பிறகு அந்த வார்த்தை அவ்வளவு கஷ்டமாக இல்லை. இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்றைப் பல வருடம் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன். குண்டை மேலே மேலே தள்ளப் பார்க்கும்போது கையின் பலம் அதன் எடையைத் தூக்குவதிலேயே செலவாகி, வேகம் குறைந்துவிடுகிறது. எல்லாக் கோணத்திலும் ஒரே வேகம் என்பது கணக்கில்தான் உண்டு, மாதையன் கையில் இல்லை. இன்னொரு காரணம் அன்றைக்கே தெரிந்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

அதிகாரி ஏதோ எழுதிக்கொண்டு கிளம்பிப் போனார். தலைமை ஆசிரியர் அன்று என்னோடு பேசவில்லை, சாப்பிடவும் இல்லை. இரண்டு மாதம் கழித்து உத்தரவு வந்தது. அனுமதி நிரந்தரம். ஆய்வுக் குறிப்பில் பௌதிகத்துக்கு ஒரே ஒரு வரிதான் இருந்தது. ஆசிரியருக்கும் மாணவருக்கும் ஒரே சந்தேகம் இருக்கிறது, திருப்தி என்று. இது பாராட்டா, குட்டா என்று தலைமை ஆசிரியர் அந்தத் தாளை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில் எனக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தார். என் நாற்பத்தைந்து டிகிரிப் பலகை அவர் அறைக் கதவுக்கு முட்டுக் கொடுக்கப் போனது. நான் மாற்றலாகிப் போகும்வரை அங்கேதான் இருந்தது. வட்டாரப் போட்டியில் மாதையன் முதல் பரிசு வாங்கினான். டிரில் மாஸ்டர் ஒரு வாரம் என்னைப் பார்க்கும்போதெல்லாம் வணக்கம் வைத்தார்.

தெரியாவிட்டால் என்ன செய்வது என்று கேட்ட நண்பரே, கையைத் தூக்குங்கள், அவ்வளவுதான். அதிகாரி முன்னால் தூக்கியது எனக்குப் பெரிய காரியமாகத் தோன்றவில்லை. அது அகப்பட்டுக்கொண்டவன் தூக்கிய கை. அன்று மாலை நடந்ததுதான் முக்கியம்.

அதிகாரி போன பிறகு கடைசி மணி எனக்கு அதே வகுப்பில்தான். காலையில் நான் வரைந்த படம் கரும்பலகையில் அப்படியே இருந்தது. தரையில் கிளம்பி, தரையில் இறங்கும் கோடு. நான் பிள்ளைகளிடம், "இனிமேல் இந்தக் கை ஏற்பாடு அதிகாரிக்காக இல்லை, நமக்காக. உண்மையாகத் தூக்குங்கள். மாதையனின் குண்டு ஏன் நாற்பத்தைந்தில் தூரமாகப் போகவில்லை? யாருக்குத் தெரியும்?" என்று கேட்டேன். கேட்டுவிட்டு முதலில் என் இடது கையைத் தூக்கினேன்.

 முன் பெஞ்சில் மெல்ல ஓர் இடது கை எழுந்தது. அதைப் பார்த்து இன்னொன்று. பக்கத்தில் இரண்டு. எப்போதும் முதல் மார்க் வாங்குகிற பையனும் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு இடது கையைத் தூக்கினான். யார் முகத்திலும் கூச்சம் இல்லை. இருபத்திரண்டு இடது கைகள். 

கடைசி பெஞ்சில் ஒரு வலது கை உயர்ந்திருந்தது.

"சொல்லு மாதையா" என்றேன்.

அவன் எழுந்து, கரும்பலகையில் கோடு தொடங்கும் இடத்தைக் காட்டினான். "அந்தக் குண்டு தரையில இருந்து கெளம்புதுங்க சார். என்னுது தோள்ல இருந்து கெளம்புது. முன்னமே உசரத்துல இருக்கறதால அவ்வளவு மேல போட வேண்டியதில்லீங்க."

நான் டஸ்டரை எடுத்து, கோடு தொடங்கும் அந்தப் புள்ளியை அழித்தேன். சாக்பீஸை அவனிடம் கொடுத்துவிட்டு, கடைசி பெஞ்சில் அவன் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன்.